கேட்போம், ஆராய்வோம், பிறர்க்கு உரைப்போம்

கண்ணால் கற்பது போலவே காதாலும் கற்கலாம். அதனால்தான் வள்ளுவர் 'கல்வி'க்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், 'கேள்வி'க்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நம் பாட்டிமார் காலத்தில் செவிக்கு விருந்தளித்தது வானொலி. இன்று அதனருகே வலையொலியும் வந்து அமர்ந்துள்ளது. பேச்சு வழக்கில் பாட்காஸ்ட் என்கிறோமே, அதுதான் இது. வலையொலிகளுள் நல்லதைத் தேர்வது எப்படி, தேர்ந்ததைப் பிறர்க்குப் பரிந்துரைப்பது எப்படி என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலையொலி பிறந்த கதை

2000-ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர், ஆர்.எஸ்.எஸ். எனப்படும் இணைய ஓடையில் ஒலிப்பதிவையும் இணைத்தனுப்ப வழி செய்தார். சந்தா கட்டிய இதழ் தபாலில் வீடு தேடி வருவது போல, புதிய பகுதி வெளியானதும் அது கேட்பவரின் கருவிக்குத் தானே வந்து சேரும். 2004-இல் பென் ஹாமர்ஸ்லி என்பவர் இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழில் எழுதிய கட்டுரையில், ஐபாட், பிராட்காஸ்ட் என்ற இரு சொற்களையும் சேர்த்து இதற்குப் பெயரிட்டார். 2005-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளைச் சேர்த்த பின் இவை எங்கும் பரவின.

வானொலி நிலையம் நடத்த அரசின் உரிமம் வேண்டும். பெரும் பொருளும் வேண்டும். வலையொலிக்கோ ஓர் ஒலிவாங்கியும் கணினியும் போதும். எனவே பெரிய நிறுவனம் எதையும் சாராமல், தனி ஒருவரோ நண்பர் சிலரோ நடத்தும் தற்சார்பு வலையொலிகள் பல தோன்றின. ஆனால் கதவு திறந்திருந்தால் நெல்லும் வரும், பதரும் வரும். திருத்துவதற்குப் பத்திரிகை ஆசிரியர் போல ஒருவர் அங்கே இருப்பதில்லை. ஆகவே முறம் எடுத்துப் புடைக்கும் வேலை கேட்பவராகிய நம்முடையதாகிறது.

ஆராயும் முறை

ஒரு வலையொலியை மதிப்பிடுமுன் ஐந்து செய்திகளைக் கவனித்தல் நன்று.

1. ஒரு பகுதியை மட்டும் கேட்டு முடிவு கூறலாகாது. தொடக்கம், நடு, அண்மை என மூன்று பகுதிகளையேனும் முழுமையாகக் கேட்க வேண்டும்.

2. பேசுபவர் தாம் கூறுவதை எங்கிருந்து அறிந்தார் என்று சொல்கிறாரா? நூலின் பெயரோ வல்லுநரின் பெயரோ கூறுபவரை நாம் சரிபார்க்க முடியும்.

3. பணம் எங்கிருந்து வருகிறது? பல வலையொலிகளில் நடத்துநரே தம் குரலில் விளம்பரத்தையும் படிக்கிறார். எது அவர் கருத்து, எது விளம்பரம் என்று பிரித்தறிய வேண்டும்.

4. நிறையோடு குறையையும் கூற வேண்டும்.

5. யாருக்கு, எந்த வயதினர்க்கு ஏற்றது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்று வலையொலிகள்

இம்முறைப்படி மூன்றினை இங்கே எடுத்துரைக்கிறேன். மூன்றும் ஆங்கிலத்தில் அமைந்தவை. கட்டணமின்றிக் கேட்கக் கூடியவை.

முதலாவது, 'தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்'. மைக் டங்கன் என்ற அமெரிக்கர் 2007 முதல் 2012 வரை தனி ஒருவராகவே எழுதிப் பேசி வெளியிட்டது. 179 எண்ணிட்ட பகுதிகளில், ரோம் நகரம் தோன்றிய புராணக் கதை தொடங்கி, கி.பி. 476-இல் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தது வரை வரிசையாகக் கூறுகிறார். பரபரப்பின்றி, நடுவே சிறு நகைச்சுவையோடு பேசுவது இனிமை. தொடக்கப் பகுதிகளில் ஒலிப்பதிவு அத்துணைத் தெளிவாக இல்லை. மேலும் பேரரசரும் போரும் மிகுதி. வயலில் உழைத்தோரும் வீட்டைக் காத்த பெண்களும் குறைவு. வரலாற்றில் விருப்பமுள்ள உயர் வகுப்பு மாணவியர்க்கு ஏற்றது.

இரண்டாவது, 'தி அல்யூஷனிஸ்ட்'. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹெலன் ஜால்ட்ஸ்மன் 2015-இல் தொடங்கியது. சொற்கள் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு பொருள் மாறின என்று ஆராய்வது. பேசியது முழுவதும் எழுத்து வடிவிலும் கிடைக்கிறது. வேகமான ஆங்கிலம் புரியாதவர்கள் படித்துக்கொண்டே கேட்கலாம். இது நமக்குப் பெரும் உதவி. சில பகுதிகள் வசைச் சொற்களைப் பற்றியவை. தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, 'இயர் ஹசல்'. கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள்ளிருந்து 2017-இல் தொடங்கியது. சிறைக்குத் தொண்டாற்ற வந்த கலைஞர் நைஜல் போர் என்ற பெண்மணியும், சிறைவாசி எர்லான் உட்ஸும் நடத்துநர்கள். 1,500-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட போட்டியில் இவர்கள் திட்டம் வென்றது. 2018-இல் மாநில ஆளுநர் உட்ஸின் தண்டனையைக் குறைத்தார். விடுதலையான பின்னும் அவர் இப்பணியைத் தொடர்ந்தார். சிறிய அறையில் இருவர் வாழ்வது, தாயைப் பிரிந்திருப்பது போன்றவற்றைச் சிறைவாசிகளே கூறும்போது, அவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே என்பது விளங்குகிறது. சிறைக்குள் பதிவான பகுதிகளைச் சிறை அதிகாரி கேட்டு, ஒப்புதல் அளித்த பின்னரே வெளியிட்டனர். அதனை ஒலிபரப்பிலேயே அறிவிக்கவும் செய்தனர். ஆகவே சொல்லாமல் விட்டவையும் இருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கடுமையான செய்திகளும் சொற்களும் வருவதால், பெற்றோர் முதலில் கேட்டுவிட்டுப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்பதே நலம்.

பரிந்துரைப்பதும் ஒரு பொறுப்பு

பெரிய நிறுவனங்களின் நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டியும் விளம்பரமும் உண்டு. தற்சார்பு வலையொலிக்குப் பெரும்பாலும் கேட்டவர் சொல்லும் ஒரு வார்த்தையே விளம்பரம். அவ்வார்த்தை இல்லையேல் பல மாத உழைப்பு யார் செவியையும் எட்டாமல் போகும். அதே வேளையில், ஒருவரிடம் 'இதைக் கேளுங்கள்' என்று சொல்வது, அவருடைய நேரத்தை நாம் கேட்பதாகும். விடியுமுன் எழுந்து இரவு வரை உழைக்கும் தாயிடம் அரைமணி நேரம் கேட்பது எளிய செயலன்று. ஆகவே நட்புக்காகப் புகழ்வதும், கேளாமலே புகழ்வதும் முறையாகா.

தோழியரே, நாம் கைப்பேசியை எடுத்தாலே நம் வீடுகளில் பலருக்குக் கவலை பிறக்கிறது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 'என்ன கேட்கிறாய்?' என்று அம்மா வினவும்போது செவிக்கருவியைக் கழற்றி ஒளிக்காமல், அவர் காதில் ஒன்றை வைத்து, 'இது இன்ன பொருளைப் பற்றியது, இது நன்று, இது குறை' என்று காரணத்தோடு சொல்வோம். நம் மீது அவர் வைக்கும் நம்பிக்கை அதனால் வளரும். பெற்றோரும், அருட்சகோதரியரும் கேட்கக் கூடாதென்று தடுப்பதோடு நில்லாமல், எதைக் கேட்கலாம் என்று எங்களோடு சேர்ந்து தேர்ந்தெடுக்க முன்வந்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

மாதம் ஒரு வலையொலியைத் தேர்ந்து, அதன் நிறை குறைகளைப் பத்து வரியில் எழுதி, வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைப்போமா? ஓராண்டில் பன்னிரண்டு நல்ல வழிகாட்டிகள் நம்மிடம் சேர்ந்துவிடும். அடுத்து வரும் தங்கையர்க்கும் அது பயன்படும்.

— பத்தாம் வகுப்பு மாணவி