முதல் தடவை எழுந்தபோதே

அன்புள்ள தம்பிக்கு,

நாலாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகிறது என்று எழுதியிருந்தாய். கத்தக் கூடாது என்பது உனக்கே தெரியும். கத்துகிற நிலைமை எப்படி வருகிறது என்று பார்.

கணக்கு போடச் சொல்லியிருக்கிறாய். ஒருவன் பென்சில் சீவக் குப்பைத்தொட்டிப் பக்கம் போகிறான். நீ கரும்பலகையில் எழுதுகிற மும்முரத்தில் விட்டுவிடுகிறாய். மறுபடி போகிறான், போகிற வழியில் ஒருத்தியின் சடையை இழுக்கிறான். "டேய், உட்காரு." மூன்றாவது முறை, "இன்னொரு தடவை எழுந்தா டிசியைக் கிழிச்சிடுவேன்." எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் அவனுக்குத் தெரியாது. நீ செய்யமாட்டாய் என்பது நன்றாகத் தெரியும். நாலாவது முறையும் எழுகிறான். இப்போது உன்னிடம் மிச்சமிருப்பது அடி ஒன்றுதான். அதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் தடுத்துவிட்டது. நல்லதாயிற்று.

முதல் தடவை எழுந்தபோதே முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. பக்கத்தில் போய் நில். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "இந்தா வேற பென்சில், ரெண்டாவது கணக்கைப் போடு." சீவிய பென்சில்கள் நாலைந்து உன் மேசை டப்பாவில் இருக்கட்டும். வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்த அமெரிக்கர் ஜேக்கப் கூனின் 1970இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொன்னார்: ஆசிரியர் திட்டும் விதத்தால் வகுப்பு அடங்குவதில்லை, கோளாறு முளைக்கும்போதே, முளைத்த இடத்திலேயே கண்டுகொள்கிறவரின் வகுப்புதான் ஒழுங்காக நடக்கிறது.

திங்கட்கிழமை சிரித்துவிட்டு விட்டதற்கு, தலைவலி வந்த செவ்வாய்க்கிழமை வெளியே நிறுத்தாதே. உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் 1957இல் புத்தகமாக வந்தன. கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போதாவது கிடைத்த புறாதான் விடாமல் கொத்தும். பத்துக்கு ஒரு தடவை நீ விட்டுக்கொடுப்பதும் அந்தத் தீனிதான்.

ஆகவே விதிகள் மூன்று போதும். தண்டனை சின்னதாக இருக்கட்டும். கொட்டியவன் துடைக்கட்டும். விளையாடிய பொருள் மணி அடிக்கும்வரை உன் மேசையில் இருக்கட்டும். சின்னதாக இருந்தால்தான் தினமும் உன்னால் செய்ய முடியும். பி.டி. பீரியடில் கை வைக்காதே, ஓடவேண்டிய பிள்ளையை உட்காரவைத்தால் அடுத்த பீரியடில் நீதான் அனுபவிப்பாய். நூறு தடவை இம்போசிஷனும் வேண்டாம்; எழுதுவதே தண்டனை என்று ஆகிவிடும். தொடங்கிய புதிதில் சேட்டை கூடத்தான் செய்யும், பயந்துபோய் விதியை மாற்றிவிடாதே.

நிதானத்தைப் பிறவிக் குணம் என்று நினைக்காதே. என்ன செய்வது என்று காலையிலேயே முடிவு செய்து வைத்திருந்தால் கோபத்துக்கு வேலை குறைவு. அப்படியும் கோபம் வந்தால், "மணி அடிச்சதும் பேசலாம்" என்று சொல். சொன்னபடி மணி அடித்ததும் பேசு. மறுநாள் அதைக் கிளறாதே.

பிறகு ஒருநாள் அவன் அம்மா வருவார். "கண்ணை மட்டும் விட்டுட்டு ரெண்டு போடுங்க சார்" என்பார். நம் ஊரில் அது வாத்தியாருக்குத் தரும் மரியாதை. "அடி வேண்டாம்மா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான், அதைச் சொல்லுங்க" என்று கேள். மத்தியான ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் அதில் கிடைக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்