கறுத்த வாழைப்பழத்துக்கு ஏன் இத்தனை பழி?

ஃப்ரிட்ஜில் வைத்த வாழைப்பழம் கறுத்துவிட்டதாம். அதனால் அது மருந்து அடித்த பழமாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தத் தீர்ப்பைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. உங்கள் கொல்லையில் விளைந்து தாரிலேயே பழுத்த சீப்பு ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். அதுவும்தான் கறுக்கும்.

வாழை வெக்கை ஊர்ப் பயிர். சுமார் 13 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால் தோலின் செல் சவ்வுகள் சிதையும். அதுவரை தனித்தனியே இருந்த பீனால்களும் அவற்றைக் கறுக்கவைக்கும் நொதியும் கலந்துவிடும். நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இப்படித்தான். வீட்டு ஃப்ரிட்ஜோ 4, 5 டிகிரியில் ஓடுகிறது. நன்றாகப் பழுத்த பழமென்றால் தோல் கறுத்தாலும் சதை இனிப்பாகவே இருக்கும். உரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகிறார்கள்!

காயை வைப்பதுதான் நிஜமான நஷ்டம். வெளியே எடுத்தபின் அது பளிச்சென்று மஞ்சளாகாது, சாம்பல் பூசினாற்போல் மங்கும். மேல்தோலை லேசாகச் சீவினால் அடியில் பழுப்புக் கோடுகள் ஓடும்.

எத்திலீன் என்றால் அடுத்த கூச்சல். பழம் தானே சுரக்கிற வாயு அது. அந்தக் காலத்தில் அறையை அடைத்து மூட்டம் போட்டார்களே, அந்தப் புகையில் வேலை செய்ததும் எத்திலீன்தான். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்குவரை சட்டமே அனுமதிக்கிறது. தடை கார்பைடு கல்லுக்கு. அதிலிருந்து வரும் அசெட்டிலீனோடு ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்களும் வரக்கூடும். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

தோல் பச்சையாக இருந்தால் பழுக்கவில்லை என்பதும் தப்பு. பச்சை வாழை 24 டிகிரிக்கு மேற்பட்ட வெக்கையில் பழுத்தால் பச்சையம் முழுக்கப் போகாது, சதை மட்டும் கனிந்துவிடும். இமாம்பசந்தும் பச்சைச் சாயலோடுதான் பழுக்கும். அன்னாசியை வாங்கி நாலு நாள் வைத்தால் இனிப்பு ஏறுமா? ஏறாது, பறித்த அன்று இருந்ததுதான்.

இவ்வளவு கோபத்தையும் சீசனுக்கு முந்திய விலைக்கு ஆசைப்பட்டு முற்றாத மாங்காயைப் பறிக்கிறவர்கள் மேல் காட்டலாம். சர்க்கரையாக மாறப் போதிய மாவுச்சத்து சேராத காயை எந்த வாயுவில் வைத்தாலும் நிறம் வரும், ருசி வராது. காம்பைச் சுற்றித் தோள் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழுக்கவைக்கக் காய் வாங்கினால் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது பெரும்பாலும் மூழ்கும். மிதப்பது ஊறுகாய்க்கு.