சாய்கிணறு துளைக்கும் பொறியாளர் ஆவது எப்படி?

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில் இருக்கிறது மும்பை ஹை எண்ணெய் வயல். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு மேடை என்று கட்டிக்கொண்டிருந்தால் அங்கே யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே மேடையில் சில மீட்டர் இடைவெளியில் பல கிணறுகளைத் தொடங்கி, கீழே போகப்போக ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் திருப்பி, வெவ்வேறு இலக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். துளைக்கும் தளமான ரிக்கில் நின்று அப்படித் திருப்பும் வேலையைப் பார்ப்பவர் டைரக்‌ஷனல் டிரில்லர். எல்லோரும் ‘டிடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிணற்றின் பாதையை முன்கூட்டியே அலுவலகத்தில் வரைந்து கொடுப்பவர் வெல் பிளானர். டைரக்‌ஷனல் டிரில்லிங் பொறியாளர் என்ற பெயர் இந்த இரண்டு வேலையும் தெரிந்தவருக்கே முழுமையாகப் பொருந்தும்.

இந்த வேலையின் உயிர் அளவெடுப்பில் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், துளைக்கும் முனையான பிட் இந்த நிமிஷம் எங்கே நிற்கிறது, அடுத்த முப்பது மீட்டரில் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவர் பேச்சுக்குத்தான் ரிக்கில் மதிப்பு. படிப்பையும் பயிற்சியையும் முதல் வேலையையும் இதை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படிப்பு

பெட்ரோலியப் பொறியியல் படிப்பது நேர்வழி. 1957 முதல் இந்தப் படிப்பை நடத்திவரும் தன்பாத் ஐஐடி, உத்தரப்பிரதேசத்தில் ஜாயிஸ் என்ற ஊரில் உள்ள ராஜீவ் காந்தி பெட்ரோலியத் தொழில்நுட்பக் கழகம், காந்திநகர் பண்டித தீனதயாள் எரிசக்திப் பல்கலைக்கழகம், டேராடூன் யுபிஇஎஸ் ஆகியவை துறையில் தெரிந்த பெயர்கள். சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியல் துறை, பெட்ரோலியப் பொறியியலில் எம்.டெக். நடத்துகிறது.

ஆனால் அந்தப் பட்டம் இல்லாவிட்டால் கதவு அடைபட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஓஎன்ஜிசியில் டிரில்லிங் பிரிவு உதவிச் செயற்பொறியாளர் பணிக்கு மெக்கானிக்கல் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். சில ஆண்டுகளில் கேட் மதிப்பெண்ணை வைத்தும், சில ஆண்டுகளில் தனியாகக் கணினித் தேர்வு நடத்தியும் ஆள் எடுத்திருக்கிறார்கள். எனவே அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் படித்துவிட்டுத் தயாராவது நல்லது. எஸ்எல்பி, ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ், வெதர்ஃபோர்டு போன்ற சேவை நிறுவனங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளையும் களப் பொறியாளர்களாக எடுக்கின்றன. கிணற்றுக்குள் இறங்கும் கருவியில் பாதி எலெக்ட்ரானிக்ஸ்தானே.

புதிதாகப் படித்து வந்தவர்களிடம் ‘டைரக்‌ஷனல் டிரில்லிங் சான்றிதழ்’ என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கும் தனியார் பயிற்சி நிலையங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தத் தொழிலில் ஆளைப் பழக்குவது வேலைக்கு எடுக்கும் நிறுவனமே. வகுப்பறைப் பாடம், பயிற்சி ரிக், பிறகு மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று களப் பழக்கம் என்று அதற்கென ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வெளியே வாங்கிய காகிதம் அதற்கு ஈடாகாது.

கல்லூரியிலேயே செய்யவேண்டிய ஒரு கணக்கு

காசு செலவில்லாமல், கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து இதைச் செய்து பாருங்கள். கிணறு 600 மீட்டர் வரை செங்குத்தாக இறங்குகிறது. அங்கிருந்து 30 மீட்டருக்கு 3 பாகை வீதம் சாய்ந்து 45 பாகையை எட்டுகிறது. அதே சாய்வில் இன்னும் 1000 மீட்டர் போகிறது. கடைசியில் பிட் எவ்வளவு ஆழத்தில், தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கும்?

45 பாகைக்குச் சாய 450 மீட்டர் துளைக்க வேண்டும். அந்த வளைவின் ஆரம் சுமார் 573 மீட்டர். அதிலிருந்து வளைவுப் பகுதியில் 405 மீட்டர் ஆழமும் 168 மீட்டர் விலகலும் கிடைக்கும். சாய்ந்த நேர்ப்பகுதியில் இரண்டும் 707 மீட்டர். ஆக, குழாயின் நீளம் 2050 மீட்டர், நேர் ஆழம் 1712 மீட்டர், விலகல் 875 மீட்டர்.

இதையே சராசரிக் கோண முறையில், வளைவின் இரு முனைகளை மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். வளைவுப் பகுதிக்கு 405 மீட்டருக்குப் பதிலாக 416 மீட்டர் ஆழம் வரும். 11 மீட்டர் பிழை! எண்ணெய் தங்கியிருக்கும் மணற்பாறை சில இடங்களில் அவ்வளவு தடிமன்கூட இருக்காது. அதனால்தான் தொழிலில், பாதையை வட்ட வில்லாகக் கொள்ளும் குறைந்தபட்ச வளைவு முறையைப் பயன்படுத்துகிறார்கள், சாய்வையும் திசையையும் அளக்கும் சர்வேயையும் அடிக்கடி எடுக்கிறார்கள். அந்த முறையின் சூத்திரத்தை நீங்களே விரிதாளில் எழுதி, சாய்வும் திசைக்கோணமும் கொடுத்தால் வடக்கு, கிழக்கு, ஆழம் மூன்றும் வரும்படி செய்துவிட்டால், நேர்முகத் தேர்வில் உங்கள் பேச்சே வேறு மாதிரி இருக்கும். துணைக்கு, பெட்ரோலியப் பொறியாளர் சங்கமான எஸ்பிஇ 1986-ல் வெளியிட்ட ‘அப்ளைட் டிரில்லிங் என்ஜினியரிங்’ நூலைப் படியுங்கள். வயதான புத்தகம்தான், அடிப்படைக்கு இன்றும் அதை நம்பலாம்.

முதல் வேலை: எம்டபிள்யூடி மேசை

சேவை நிறுவனத்தில் சேர்ந்தால் பெரும்பாலும் முதலில் எம்டபிள்யூடி பொறியாளராக, அதாவது துளைக்கும்போதே அளவெடுப்பவராக உட்கார வைப்பார்கள். எப்போது இங்கிருந்து டிடி ஆவது என்று பலர் முதல் மாதத்திலேயே அவசரப்படுவதைப் பார்க்கிறேன். அவசரப்படாதீர்கள். இந்த மேசையில் கற்பதுதான் கடைசிவரை கூட வரும்.

அங்கே நடப்பது இதுதான். ஒரு ஸ்டாண்ட், அதாவது சுமார் 30 மீட்டர் குழாய் நீளம், துளைத்து முடித்ததும் குழாயை அசையாமல் நிறுத்துகிறார்கள். பம்ப் நிற்கிறது. கீழே கருவிக்குள் இருக்கும் மூன்று முடுக்கமானிகளும் மூன்று காந்தமானிகளும் சாய்வையும் திசையையும் அளக்கின்றன. பம்ப் மறுபடி ஓடியதும், கருவியில் உள்ள வால்வு மட் என்னும் துளைப்புச் சேற்றின் ஓட்டத்தைத் தடுத்துத் தடுத்து விட, அந்த அழுத்தத் துடிப்பு குழாய்க்குள் இருக்கும் மட் வழியாகவே மேலேறி வருகிறது. மேலே உள்ள உணரி அதைப் பிடிக்க, திரையில் எண்கள் ஒவ்வொன்றாக விழும். எண் வந்ததும் அப்படியே டிடியிடம் நீட்டிவிடக் கூடாது. புவியீர்ப்பின் மொத்த மதிப்பு 1 ஜி-யை ஒட்டி இருக்கிறதா, காந்தப் புலத்தின் மொத்த மதிப்பும் சரிவுக்கோணமும் அந்த ஊருக்குரிய அளவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் சர்வேயை மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். ரிக் நேரத்துக்கு விலை அதிகம், எண்ணெய் நிறுவனத்தின் பிரதிநிதியான கம்பெனி மேன் முகம் சுளிப்பார். அப்போதும் எடுக்கச் சொல்ல வேண்டும். திசையில் 1 பாகை தப்பினால், கிடையாக 1000 மீட்டர் போவதற்குள் கிணறு 17 மீட்டர் விலகிப் போயிருக்கும்.

குழாயின் இரும்பே காந்தமானியை ஏமாற்றும் என்பதால்தான் காலர் எனப்படும் காந்தமற்ற கனத்த குழாய்களுக்கு நடுவே கருவியை வைக்கிறார்கள். நம் ஊரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காந்த நடுக்கோடு திருநெல்வேலி வட்டாரத்தை ஒட்டிச் செல்கிறது. அங்கே புவிக் காந்தப் புலம் ஏறத்தாழ கிடையாகவே இருப்பதால், குழாயின் இரும்பு தரும் திசைப்பிழை குறைவு. வடதுருவத்தை நெருங்க நெருங்க இதே பிழை பெரிதாகும். தெற்கே பழகிய கண்ணோடு நார்வேக் கடலுக்கோ அலாஸ்காவுக்கோ போகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிடி ஆகும் படி

ஓரிரு ஆண்டுகள் எம்டபிள்யூடி பார்த்த பிறகு, பயிற்சி டிடியாக மூத்தவர் ஒருவருக்குக் கீழே நிறுத்துவார்கள். ஒவ்வொருவருக்கும் 12 மணி நேரம், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். பொதுவாகப் புதியவருக்கு இரவு.

முதலில் கைவர வேண்டியது மட் மோட்டார். அதன் உடலில் ஒன்றரை பாகை அளவுக்கு ஒரு சிறு வளைவு இருக்கும். குழாயைச் சுழற்றாமல், அந்த வளைவை வேண்டிய பக்கம் நிறுத்தி, மட் ஓட்டத்தால் பிட்டை மட்டும் சுழற்றித் துளைத்தால் கிணறு அந்தப் பக்கம் திரும்பும். இதுவே ஸ்லைடு. குழாய் முழுவதையும் சுழற்றினால் ஏறக்குறைய நேராகப் போகும். முழுக்க ஸ்லைடு செய்தால் அந்த மோட்டார் 30 மீட்டருக்கு 6 பாகை தருகிறது, திட்டத்துக்கு 3 பாகை போதும் என்றால், 30 மீட்டர் ஸ்டாண்டில் 15 மீட்டர் ஸ்லைடு, 15 மீட்டர் சுழற்சி.

காகிதத்தில் இவ்வளவுதான். களத்தில், பிட் பாறையைக் கடிக்கும்போது குழாய் எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். நீளமான குழாயில் டூல்ஃபேஸ், அதாவது மோட்டாரின் வளைவு பார்க்கும் திசை, அறுபது எழுபது பாகைகூட நகர்ந்துவிடும். அதை எதிர்பார்த்து அந்த அளவு வலமாகவே முன்கூட்டி வைத்துவிட்டு, பிட் மீது பாரத்தை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். பாரத்தை அவசரமாக ஏற்றினால் மோட்டார் நின்றுபோகும், அழுத்தம் சட்டென்று எகிறும். அழுத்த மானியில் ஒரு கண், டூல்ஃபேஸ் திரையில் ஒரு கண் என்று உட்கார்ந்து, டிரில்லரிடம் ‘இன்னும் கொஞ்சம் விடு பையா, போதும், அப்படியே பிடி’ என்று சொல்லும் பக்குவம் புத்தகத்தில் வராது. இந்திய ரிக்குகளில் அதை இந்தியில் சொல்லவும் தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது கணிப்பு. சென்சார் பிட்டுக்குச் சுமார் 15 மீட்டர் பின்னால் இருக்கும். கையில் உள்ள சர்வே அந்த இடத்தைப் பற்றியது. பிட் இருக்கும் இடத்தின் சாய்வை, இடையில் எத்தனை மீட்டர் ஸ்லைடு செய்தோம், பாறை எப்படி நடந்துகொண்டது என்பதைக் கொண்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் உங்கள் கணிப்பை எழுதிவைத்து, அடுத்த சர்வே வந்ததும் பக்கத்தில் உண்மையையும் எழுதுங்கள். இந்தக் குறிப்பேட்டை எந்த மேலாளரும் கேட்க மாட்டார். ஆனால் உங்களைத் தேற்றுவது அதுதான்.

சுழன்றபடியே திரும்பும் ரோட்டரி ஸ்டீரபிள் கருவிகள் 1990-களில் வந்து, விலை கூடிய கிணறுகளில் ஸ்லைடு வேலையைப் பெரிதும் குறைத்துவிட்டன. அவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள், மோட்டாருக்குப் பிறகு.

பாதுகாப்புச் சான்றுகள்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கிணற்றுக் கட்டுப்பாட்டுக்கு ஐடபிள்யூசிஎஃப் அல்லது ஐஏடிசி வெல்ஷார்ப். கடல் ரிக்கென்றால், கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் பழக்கத்தையும் சேர்த்துத் தரும் போசியட் பயிற்சி. இதை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுப் பயிற்சியும் மருத்துவத் தகுதியும் வேண்டும். வேலை தரும் நிறுவனமே பொதுவாக இவற்றுக்குச் செலவு செய்யும் என்பதால், நியமனம் கைக்கு வரும் முன் சொந்தக் காசைப் போடாதீர்கள்.

வேலை எங்கே?

காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி காரைக்காலை மையமாக வைத்து இயங்குகிறது. ஆனால் 2020-ல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் இயற்றி அறிவித்தது. புதிய எண்ணெய் எடுப்புத் திட்டங்களுக்கு அங்கே இடமில்லை. விவசாயத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஆகவே வீட்டுக்குப் பக்கத்தில் வேலை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ராஜமுந்திரி, பார்மர், அசாம், மும்பை ஹை, அதைத் தாண்டி அபுதாபி, சவுதி, குவைத் என்றுதான் போக நேரும். வளைகுடா வேலைக்கு முகவர் யாராவது பணம் கேட்டால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சம்பளத்தில் பெரும்பகுதி ரிக்கில் இருக்கும் நாளைக்குத் தரும் படியாக வரும். ரிக் ஓடினால் காசு. 2014-க்குப் பிந்தைய எண்ணெய் விலைச் சரிவிலும், அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை ஒரே நாளில் பூஜ்யத்துக்கும் கீழே போன 2020 ஏப்ரலுக்குப் பிறகும், நல்ல வேலைக்காரர்களே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுப் படியை நம்பி மனைக்கும் காருக்கும் கடன் வாங்குவது ஆபத்து. ஓராண்டுக் குடும்பச் செலவுக்கான தொகை வங்கியில் சேர்ந்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

ரிக்கிலிருந்து அலுவலகத்துக்கு

தனியே பல கிணறுகளை முடித்துக் கொடுத்த டிடி, அடுத்து ஒருங்கிணைப்பாளராகவோ வெல் பிளானராகவோ மாறலாம். அங்கே முதன்மையான பொறுப்பு, புதிய கிணறு பழைய கிணற்றில் போய் மோதாமல் பார்ப்பது. ஒவ்வொரு சர்வேக்கும் ஒரு பிழை வரம்பு உண்டு. ஆழம் கூடக்கூட அந்த வரம்பு ஒரு நீள்வட்டமாக விரியும். இரண்டு கிணறுகளின் நீள்வட்டங்கள் நெருங்கினால் துளைப்பதை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் கடமையும் உங்களுடையது. எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றின் குழாயைப் பிட் தொட்டால் உயிர்ச்சேதம் வரை போகலாம்.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டு, பழைய கிணற்றை வேண்டுமென்றே தேடிப்பிடிக்கும் வேலையும் உண்டு. 1934-ல் டெக்சாஸின் கான்ரோவில் கட்டுமீறி வெடித்த கிணற்றை, சாய்கிணறு நிபுணர் ஜான் ஈஸ்ட்மன் பக்கத்திலிருந்து சாய்வாகத் துளைத்த நிவாரணக் கிணற்றைக் கொண்டு அடக்கினார்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் 11 பேரைப் பலிகொண்ட மகோண்டோ கிணற்றையும் நிவாரணக் கிணறு ஒன்று ஐந்து கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் தேடிப்பிடித்த பிறகுதான், செப்டம்பர் 19 அன்று முழுவதுமாக அடைபட்டதாக அறிவித்தார்கள்.

எண்ணெய்க்கு எத்தனை நாள் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபோர்ஜ் என்ற புவிவெப்பத் திட்டத்துக்காக, கருங்கல் பாறைக்குள் செங்குத்திலிருந்து 65 பாகை சாய்வில் கிணறு துளைத்திருக்கிறார்கள். மோட்டார், சர்வே, டூல்ஃபேஸ் எல்லாம் அதே. பாறைதான் கடினம், வெப்பமும் அதிகம். இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் விருப்பப் பாடத்தில் பாறை இயக்கவியலை எடுத்துக்கொண்டால் எண்ணெய்க்கும் உதவும், இதற்கும் உதவும்.