இபிசாவிலிருந்து ஃபார்மென்டெரா: தனிப் படகு தேவையா?

கேள்வி: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஸ்பெயினின் இபிசா தீவுக்குப் போகிறோம். பக்கத்திலுள்ள ஃபார்மென்டெராவுக்குத் தனிப் படகு எடுத்து ஒரே நாளில் போய்வரலாமா?

பதில்: தாராளமாகப் போய்வரலாம். அக்கரை சேருவது மட்டும்தான் நோக்கம் என்றால் பயணிகள் படகே போதும். சுமார் அரை மணியில் கொண்டுவிட்டுவிடும். தனிப் படகின் அருமை வழியில்தான் இருக்கிறது. எஸ்பல்மடோர் என்ற குட்டித் தீவின் ஓரம் நின்று, தரை மணல் தெரியும் நீரில் ஆசை தீர நீந்தலாம்.

அந்தத் தெளிவுக்குப் பெருங்காரணம் அடியில் வளரும் பொசிடோனியா கடற்புல். யுனெஸ்கோ 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த செல்வம் அது. படகிலிருந்து பார்த்தால் கரும்பச்சைத் திட்டுகளாகத் தெரியும். அதன்மேல் நங்கூரம் போடச் சட்டப்படி தடை உண்டு. வெளிர்நீலமாகத் தெரியும் மணல் தரையில்தான் போட வேண்டும்.

உரிமம் கேட்காமல் வாடகைக்குத் தரும் 5 மீட்டர் படகை நம்பி நீரிணையைக் கடக்காதீர்கள்; அதற்கு 2 கடல் மைல்தான் எல்லை. படகோட்டியோடு சேர்த்தே எடுங்கள். எரிபொருள் வாடகையில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். காற்று சரியில்லை என்று படகோட்டி சொன்னால், மறுபேச்சில்லாமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.