தத்துவ போதகர் தந்த சொற்கள்

முன்னுரை

எங்கள் ஊர் குளச்சல். விடியற்காலையில் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் கடற்புறத்தில் மீன் ஏலம் தொடங்கிவிடும். ‘ஏலம்’ என்ற அச்சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்கு வந்தது. ஏலம் முடிந்து திரும்புகிறவர்கள் வழியிலுள்ள குருசடியில் நின்று கும்பிட்டுச் செல்வார்கள். ‘குருசு’ என்பதும் போர்த்துக்கேயச் சொல்லே, ‘அடி’ நம்முடையது. வீட்டுக்கு வந்தால் சாவி, மேசை, அலமாரி என்று அந்த மொழியின் சொற்கள் இன்னும் பல கிடக்கின்றன.

ஆனால் மாலையில் என் பாட்டி செபம் சொல்லும்போது கேட்கும் சொற்கள் வேறு வகை. சர்வேசுரன், ஞானஸ்நானம், பூசை, பிரசாதம், வேதம், குரு என்பன அவை. போர்த்துக்கேயர் கொண்டுவந்த சமயத்துக்கு இச்சொற்கள் எவ்வாறு வந்தன? சென்ற ஆண்டு வகுப்புத் தோழர் ஒருவர், “உங்கள் சமயமே வெளியூர்ச் சரக்கு, அதற்குத் தமிழில் சொல் ஏது?” என்று வேடிக்கையாகக் கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடப் போய்த்தான் தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலியைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. படித்ததில் பெருமை கொள்ளவும் இடம் இருந்தது. மனம் சுளிக்கவும் இடம் இருந்தது. இரண்டையும் இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

சவேரியார் கண்ட இடர்ப்பாடு

தத்துவ போதகருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரைக்குப் புனித சவேரியார் வந்துவிட்டார். 1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே 1545இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களின் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அம்மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. ‘நான் விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. பின்னர் இதை உணர்ந்த சவேரியார், அதை நீக்கி ‘விசுவாசம்’ என்ற சொல்லை இடும்படி தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு 1544இல் எழுதினார். ஒரு சொல் மாறினால் சமயத்தின் பொருளே மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்து வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். எனினும் இந்திய மொழிகளுள் முதலில் அச்சு கண்ட பெருமையை அது தமிழுக்குத் தேடித் தந்தது. இறைவனுக்குத் ‘தம்பிரான்’ என்ற அழகிய சொல்லை அவர் ஆண்டார். ஆயினும் பல இடங்களில் போர்த்துக்கேயச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினார். பாவ அறிக்கை பற்றி 1580இல் வெளியான அவரது நூலின் பெயரே ‘கொம்பெசியொனாயரு’. கடற்கரை மக்களுக்கு இச்சொற்கள் பழகிப்போயின. உள்நாட்டிலோ அவற்றுக்குப் பொருள் கிடையாது.

மதுரைக்கு வந்த துறவி

நொபிலி 1577இல் இத்தாலி நாட்டில் உயர்குடி ஒன்றில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து, 1605இல் கோவா வந்து சேர்ந்தார். மறு ஆண்டில் சில மாதங்கள் முத்துக்குளித்துறையில் தங்கித் தமிழ் பயின்றார். அவருடைய முதல் தமிழ், கடற்கரை மக்களிடையே கற்ற தமிழ் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டுகிறேன். 1606 நவம்பரில் மதுரையை அடைந்தார்.

அங்கே பெர்னாண்டஸ் என்ற குரு பதினோர் ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். ஆனால் அவரிடம் இருந்த கிறித்தவர்கள், கடற்கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த பரதவரும் போர்த்துக்கேயருமே. மதுரை மக்களில் ஒருவரும் சேரவில்லை. காரணத்தை நொபிலி விரைவில் கண்டுகொண்டார். கிறித்தவராக விரும்புகிறவரிடம், ‘பரங்கிக் குலத்தில் புக விருப்பமா?’ என்ற பொருள்படவே கேட்டு வந்தனர்! பரங்கி என்றால் மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், நீராடாதவன் என்பது அன்றைய மக்களின் எண்ணம். நொபிலி இக்கேள்வியை விலக்கிச் ‘சத்திய வேதம்’ என்ற சொல்லைக் கொணர்ந்தார். சமயம் மாறுகிறவன் குலமும் நாடும் மாற வேண்டியதில்லை என்பதே இச்சொல் மாற்றத்தின் உட்பொருள்.

அவர் காவி உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், புலால் நீக்கி ஒருவேளை உணவே கொண்டார். சிவதர்மர் என்ற அந்தணரிடம் வடமொழி கற்றார். தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றிலும் வாதிடும் அளவுக்குத் தேர்ந்தார். ஆசிரியர் ஒருவரோடு இருபது நாள்கள் தொடர்ந்து வாதிட்டார் என்பது வரலாறு.

இவ்வழி கிறித்தவ உலகுக்கு முற்றிலும் புதியதன்று. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்தின் என்னும் இறையியலார், கிறித்தவரான பின்னும் கிரேக்கத் தத்துவ ஆசிரியர்கள் அணியும் மேலாடையைக் களையவில்லை. கிரேக்க ஞானியரிடமும் மெய்ம்மையின் வித்து உண்டு என்று அவர் எழுதினார். ஏறத்தாழ கி.பி. 165இல் உரோமையில் தம் விசுவாசத்துக்காக உயிர் துறந்தார். உரோமையில் அந்த மேலாடை செய்த வேலையை மதுரையில் காவியுடை செய்தது எனலாம்.

எதிர்ப்பும் தீர்ப்பும்

எதிர்ப்பு வெளியாரிடமிருந்து வந்ததினும் கடுமையாக உடனிருந்தவரிடமிருந்து வந்தது. பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்கு முறையிட்டார். குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவை பிற சமயச் சடங்குகள். அவற்றை ஏற்பது சமயத் துரோகம் என்பது குற்றச்சாட்டு. நொபிலி இலத்தீனில் நீண்ட விடைகள் எழுதினார். வழிபாடு வேறு, சமூக வழக்கம் வேறு. ஒருவன் இன்னான் என்று ஊருக்குக் காட்டும் அடையாளங்களைச் சமயத்தோடு சேர்த்துக் குழப்பலாகாது என்பது அவர் வாதம். 1619இல் கோவாவில் கூடிய அவையிலும் வழக்கு முடியவில்லை. 1623 ஜனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். மூடநம்பிக்கையை நீக்கிவிட்டு அவ்வழக்கங்களைக் கைக்கொள்ளலாம் என்றது அத்தீர்ப்பு. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குற்றம் சாட்டப்பட்டவராகவே வாழ்ந்து, தம் பணியையும் விடாத அவர் உறுதி வியக்கத்தக்கது.

சொல்லாக்கமும் உரைநடையும்

இனி, பாட்டியின் சொற்களுக்கு வருவோம். இலத்தீனின் ‘மிசா’வை அப்படியே சொன்னால் தமிழ்க் காதில் ‘மீசை’ என்று விழும். நொபிலி ‘பூசை’ என்றார். வழிபாட்டு இடத்தைக் ‘கோவில்’ என்றார். இறைவனின் இலவசக் கொடையை ‘அருள்’ என்றும் ‘பிரசாதம்’ என்றும் சொன்னார். மறைநூல் ‘வேதம்’ ஆயிற்று. பாதிரியார் ‘குரு’ ஆனார். இறைவனைச் ‘சர்வேசுரன்’ என்றார். எல்லாவற்றுக்கும் தலைவன் என்பது பொருள். கற்றவரும் கல்லாதவரும் கேட்ட மாத்திரத்தில் பொருள் உணரும் சொற்கள் இவை.

சொற்களோடு அவர் நிற்கவில்லை. ‘ஞானோபதேச காண்டம்’, ‘ஆத்தும நிர்ணயம்’, ‘தூஷண திக்காரம்’ முதலிய பெரிய நூல்களை உரைநடையில் எழுதினார். செய்யுளே நூலுக்குரிய நடை என்று கருதப்பட்ட பதினேழாம் நூற்றாண்டில், ஒரு கருத்தை எடுத்து, மறுப்புரைத்து, விடை கூறி, முடிவு கட்டும் தருக்க உரைநடையைத் தமிழில் அவர் பெரிய அளவில் கையாண்டார். வடசொல் மிகுந்த நடை என்று இன்று நாம் குறை கூறலாம். பின்வந்த வீரமாமுனிவரின் நடையோடு ஒப்பிட்டால் கரடுமுரடாகவும் தோன்றும். ஆயினும் பாதை வெட்டியவர் அவர். ஓலையிலும் கையெழுத்திலும் கிடந்த அவர் நூல்களை இருபதாம் நூற்றாண்டில் தேடிப் பதிப்பித்த ச. இராசமாணிக்கம் அடிகளாருக்குத் தமிழுலகம் கடன்பட்டுள்ளது.

இறுதிக் காலத்தில் நொபிலியின் கண்பார்வை மங்கியது. 1656 ஜனவரி 16ஆம் நாள் மயிலாப்பூரில் உயிர் நீத்தார்.

குளச்சல் போரும் ஒரு பெயரும்

அவர் வழி நம் மாவட்டத்தைத் தொட்ட கதையும் உண்டு. 1741 ஆகஸ்டு 10ஆம் நாள் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை வென்றது. எங்கள் ஊரில் நிற்கும் வெற்றித்தூண் அதற்குச் சான்று. அப்போரில் பிடிபட்டவர் தெ லனாய். பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்த அவரிடமிருந்து கிறித்தவ நெறியை அறிந்தவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. அவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அளித்தவர், நொபிலி தொடங்கிய மதுரை மிஷனைச் சேர்ந்த குரு. சூட்டப்பட்ட பெயர், ‘இலாசர்’ என்பதைப் பொருள் நோக்கித் தமிழாக்கிய ‘தேவசகாயம்’. அவர் மனைவி ‘ஞானப்பூ’ ஆனார். பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் வழங்கிய மரபு இதுவே. 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அன்று உரோமையில் வாசிக்கப்பட்டது ஒரு தமிழ்ப் பெயர்.

ஒரு குறை

இதுவரை கூறியது பெருமை. மனம் சுளித்த இடத்தையும் கூறாவிடில் கட்டுரை நேர்மையாகாது.

தாம் பரங்கி அல்லர் என்று காட்டுவதற்காக நொபிலி, பரங்கி எனப் பழிக்கப்பட்ட பரதவக் கிறித்தவர்களிடமிருந்தும் விலகி வாழ்ந்தார். மதுரையில் அவர்களுக்கு ஒரு கோவில், தம் மாணாக்கருக்கு வேறொரு கோவில் என்றாயிற்று. தமக்கு முதல் தமிழ் சொல்லித்தந்த கடற்கரை மக்கள், அவர் தம் சமயத்தைச் சொல்லத் தொடங்கியபோது வாயிலுக்கு வெளியே நின்றனர். தாழ்த்தப்பட்டோரிடையே பணியாற்றப் ‘பண்டாரச் சுவாமிகள்’ என்ற தனிப் பிரிவு 1640 அளவில்தான் தோன்றியது. சாதி என்பது சமூக வழக்கம் மட்டுமே என்று அவர் கொண்ட முடிவு, பின்னாளில் கோவிலுக்குள்ளும் சுவர் எழுப்ப இடம் தந்தது.

அக்காலச் சூழலில் வேறு வழி இல்லை என்பர் சிலர். ஆனால் 1623ஆம் ஆண்டுத் தீர்ப்பே, உயர்குடிப் பெருமை உடையோர் எளியோரை இகழலாகாது, குறிப்பாகக் கோவிலில் இகழலாகாது என்று வேண்டிக்கொண்டது. வழக்கங்களுக்கு அளித்த இசைவை எல்லோரும் நினைவில் வைத்தனர். இந்த வேண்டுகோளை மறந்துவிட்டனர். கடற்கரையில் பிறந்த எனக்கு, அந்தத் தீர்ப்பின் தலையாய பகுதி இதுவே என்று தோன்றுகிறது.

முடிவுரை

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பின் திருவழிபாடு தமிழில் நடைபெறலாயிற்று. பூசை ‘திருப்பலி’ ஆனது. ஞானஸ்நானம் ‘திருமுழுக்கு’ ஆனது. சர்வேசுரன் ‘கடவுள்’ ஆனார். நொபிலியின் சொற்கள் சில மறைந்தாலும், சமயம் மக்கள் மொழியில் பேச வேண்டும் என்ற அவர் கொள்கையே இம்மாற்றங்களிலும் வென்றது. அவர் தந்த ‘கோவிலும்’ ‘அருளும்’ இன்றும் நிலைத்துள்ளன.

என் தோழருக்கு இப்போது விடை சொல்வேன்: சொல் இருந்தது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அச்சொல் எல்லோருக்கும் ஒரே கூரையின் கீழ் ஒலிக்க வேண்டும் என்ற மிச்ச வேலையை அவர் நமக்கு விட்டுச் சென்றார்.

என் பாட்டிக்குத் தத்துவ போதகரின் பெயர் தெரியாது. ஞாயிறு காலையில், “பூசைக்கு நேரமாச்சு மக்களே, எழும்பு” என்பாள். மதுரையில் அன்று வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கடற்கரையின் நாவில்தான் அவர் தந்த சொல் இன்று உயிரோடு இருக்கிறது.