முகத்தை மாற்றிய வடிகட்டி

மருத்துவர் ஒருவர் தாம் தயாரித்த மருந்தைக் குடிக்கிறார். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் கறுக்கிறது. கன்னங்களில் கோடுகளும் நிழல்களும் படர்கின்றன. காட்சி இடையில் வெட்டப்படவில்லை. ஒப்பனைக்காரர் எவரும் அருகில் வரவுமில்லை. பிறகு முகம் எப்படி மாறியது?

‘டிராகுலா’, ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் திகில் படங்கள் வெளிவந்த அதே 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான ‘டாக்டர் ஜெக்கில் அண்டு மிஸ்டர் ஹைடு’ என்ற பேசும் படத்தின் காட்சி இது. இயக்கியவர் ரூபன் மமூலியன். ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்டிரஸ். நடித்தவர் பிரெடரிக் மார்ச். காட்சியின் இரகசியத்தை மமூலியன் பல ஆண்டுகள் வெளியிடவில்லை. ஆனால் மாணவர்களே, நீங்கள் அதை உங்கள் மேசையிலேயே கண்டுபிடித்துவிடலாம்!

வெள்ளைத் தாளில் சிவப்புப் பென்சிலால் சில கோடுகள் வரையுங்கள். சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைக் கண்ணருகே பிடித்து அவற்றைப் பாருங்கள். கோடுகள் ஏறக்குறைய மறைந்துவிடும். இப்போது பச்சைக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து அதன் வழியே பாருங்கள். அதே கோடுகள் கருமையாகத் தெரியும்.

காரணம் என்ன? வெள்ளைத் தாள் எல்லா நிற ஒளியையும் எதிரொளிக்கிறது. சிவப்புக் கோடு சிவப்பொளியை மட்டும் எதிரொளித்து, மற்றவற்றை உட்கவர்ந்துகொள்கிறது. சிவப்பு வடிகட்டி சிவப்பொளியை மட்டுமே விடுவதால், தாளும் கோடும் ஒரே அளவு பிரகாசமாகத் தோன்றுகின்றன. பச்சை வடிகட்டியின் வழியே தாளிலிருந்து பச்சை ஒளி வருகிறது. கோட்டிலிருந்தோ அநேகமாக எதுவும் வருவதில்லை. ஒளி வராத இடம் கறுப்பு அல்லவா?

ஸ்டிரஸ் செய்ததும் இதுவே. நடிகரின் முகத்தில் சிவப்பு வண்ணத்தால் ஒப்பனைக் கோடுகள் முன்பே தீட்டப்பட்டிருந்தன. காமிராவின் முன் முதலில் சிவப்பு வடிகட்டி இருந்தது, கோடுகள் தெரியவில்லை. வடிகட்டியை மெல்ல மெல்ல மாற்றியபோது அவை கருமையாக வெளிப்பட்டன. 1925இல் வெளிவந்த ‘பென்ஹர்’ என்னும் மௌனப்படத்தில், தொழுநோயாளிகள் குணமடையும் காட்சிக்கு அவர் இதே முறையைத் தலைகீழாகப் பயன்படுத்தியிருந்தார்.

வண்ணப் படத்தில் இது பலித்திருக்காது. வடிகட்டியின் நிறமே திரையில் தெரிந்து தந்திரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு-வெள்ளைப் பிலிமோ ஒளியின் அளவைப் பதிவு செய்கிறது, நிறத்தை அன்று. அந்தக் குறையே இங்கு கலைஞருக்குக் கருவியாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை: பிலிம் சிவப்பொளியையும் உணர வேண்டும். பழைய வகைப் பிலிம்களில் பல அதை உணரா. அவற்றில் சிவப்பு எப்போதும் கறுப்பாகவே விழும்.

ஒரு பொருளின் தோற்றம் அந்தப் பொருளை மட்டும் பொறுத்ததன்று. அதன்மீது விழும் ஒளி, இடையில் நிற்கும் வடிகட்டி, அதைப் பதிவு செய்யும் பிலிம் அல்லது கண் ஆகிய அனைத்தையும் பொறுத்தது. அன்று திரையரங்கில் மக்களை நடுங்கவைத்த அந்தக் கோடுகள் புதிதாகத் தோன்றியவை அல்ல. தொடக்கத்திலிருந்தே அந்த முகத்தில் இருந்தவைதாம்!

இனி உங்களுக்கு ஒரு கேள்வி: தாளில் பச்சைப் பென்சிலால் கோடு வரைந்தால், அது எந்தக் காகிதத்தின் வழியே மறையும்? முதலில் விடையை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு சோதித்துப் பாருங்கள்.