மனநோயாளரும் பற்பிணியும்

பல்வலியை எளிதென எண்ணுவோர் அதனை ஓரிரவேனும் நுகர்ந்தறியாதவரே ஆவர். வலி கண்டவன் கன்னத்தைக் கையில் தாங்கி, இன்ன பல் நோகின்றது எனக் காட்டி, விடிந்ததும் மருத்துவரை நாடுகின்றான். காட்டவும் நாடவும் இயலாதவன் என் செய்வான்? கடும் மனநோயால் ஆண்டுக்கணக்காய் வருந்துவோர்க்குப் பல் மருத்துவம் எட்டும் வழி யாது என்பதனைப் புதுக்கோட்டைச் சீமையை இடமாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

புதுக்கோட்டையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1948-இல் தனியரசு நீங்கித் திருச்சிராப்பள்ளியோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமான இப்பகுதிக்கு 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தெருவில் அலையும் மனநோயாளரை மீட்டுப் பேணும் அவசரச் சிகிச்சை மீட்பு மையங்களை 2018-இல் தமிழக அரசு முதன்முதல் ஐந்து மாவட்டங்களில் அமைத்தபோது, அவ்வைந்தனுள் புதுக்கோட்டையும் ஒன்றாயிற்று. பின்னர் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. சென்னையில் அரசினரின் பல் மருத்துவக் கல்வி தோன்றியது 1953-இல். எழுபது ஆண்டு கழித்தே அத்தகைய கல்லூரி இச்சீமைக்குக் கிட்டியது. ஆக, மனத்தைப் பேணும் இல்லமும் பல்லைப் பேணும் கல்லூரியும் ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே ஊரை வந்தடைந்தன. தமிழகத்தில் இவ்விரண்டும் ஒருங்கே வாய்ந்த மாவட்டங்கள் மிகச் சில. ஆயினும், இரண்டு வாயில்கள் அண்மையில் இருத்தல் வேறு. ஒன்றினின்று மற்றொன்றிற்கு ஒருவன் நடந்து சேர்தல் வேறு. இடையிலுள்ள தொலைவு மைலால் அளக்கப்படுவதன்று.

தமிழ் பயிலும் எமக்கு இப்பொருளில் தனியொரு பற்றும் உண்டு. தொல்காப்பியனார் பிறப்பியலுள் எழுத்தொலி பிறத்தற்குரிய உறுப்புகளை எண்ணுமிடத்து, நெஞ்சு மிடறு முதலியவற்றோடு பல்லையும் ஒன்றாக வைத்தார். தகர நகரங்கள் பல்லின் அடியைச் சார்ந்தும், வகரம் பல்லும் இதழும் கூடியும் பிறக்கும் என்பது அவர் கண்ட முடிபு. முன்பல் வீழ்ந்தவர் ஒருவரைத் 'தந்தை' என்றும் 'வா' என்றும் சொல்லச் செய்து கேட்பின், அந்நூற்பாக்களின் நுட்பம் உரையின்றியே விளங்கும். மனநோயாளர் சொல்லை உலகம் முன்னரே செவிமடுப்பதில்லை. பல்லும் போய்ச் சொல்லும் குழறுமாயின், திறந்திருந்த ஓரிரு செவிகளும் மூடிக்கொள்ளும். 'பல் போனால் சொல் போச்சு' என்னும் பழமொழி ஏனையோர்க்கு முதுமையைக் குறிப்பது. இவர்க்கோ முப்பதிலும் நாற்பதிலும் வந்து பொருந்துவதுண்டு.

இஃது எமது மிகையன்று. பல நாடுகளில் நிகழ்ந்த 25 ஆராய்ச்சிகளை 2015-இல் ஒருங்கு வைத்து நோக்கிய அறிஞர், கடும் மனநோயாளர் தம் பற்களனைத்தையும் இழந்து நிற்கும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ 2.8 மடங்கு எனக் கண்டனர்.

'பல் துலக்காமையால் கெட்டது' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உளர். அது பாதி உண்மையே. நோய் முற்றிய காலத்தில் எழவும் நீராடவும் மனமெழாதவன் பல் துலக்காமை இயல்பு. புகையிலையும் பீடியும், சர்க்கரை மிகுந்த தேநீரும் அவனுக்கு எளிதில் கிட்டும் ஆறுதல்கள். அவையும் தம் பங்கைச் செய்கின்றன. மற்றைப் பாதியோ, அவனைக் காக்கும் மருந்திலேயே உள்ளது. மனநோய்க்குத் தரும் மாத்திரைகள் பலவும், அவற்றால் விளையும் கைந்நடுக்கத்தை அடக்கத் தரும் டிரைஹெக்சிபெனிடில் போன்றவையும், உமிழ்நீரை வற்றச் செய்வன. உமிழ்நீரை இழிபொருளாக எண்ணுகின்றோம். அதுவே பல்லின் காவலன். உணவின் எச்சத்தைக் கழுவுவதும், பல்லை அரிக்கும் அமிலத்தைத் தணிப்பதும், தேய்ந்த பல்லிற்குச் சுண்ணச் சத்தை மீட்டு ஊட்டுவதும் அதன் தொழில். அது வற்றிய வாயில் பற்சொத்தை விரைந்து பரவும். வறட்சி தாங்காது அந்நோயாளன் இனிப்புப் பானங்களையே மேலும் மேலும் பருகுவானாயின், கேடு இரட்டிக்கும். குளோசபின் என்னும் மருந்து இதற்கு மாறாக எச்சில் ஒழுகச் செய்வது. விதிக்கு அஃதொரு விலக்கு.

இவ்வளவு கூறியதனால் மாத்திரையை நிறுத்தலாம் என்று எவரேனும் பொருள் கொள்வரேல், அது பெரும் பிழை. மருந்து வாழ்வைத் தருகின்றது. அம்மருந்தை எழுதித் தருபவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே எமது கருத்து.

நிற்க. பல்லையும் மனநோயையும் இணைத்து நோக்கிய முயற்சி முன்னொருகால் வேறு வகையில், அச்சந்தரும் வகையில், நிகழ்ந்ததுண்டு. அமெரிக்க நாட்டு நியூஜெர்சி மாகாணத்தில் டிரென்டன் அரசு மனநோய் மருத்துவமனைக்கு 1907 முதல் 1930 வரை தலைவராயிருந்த ஹென்றி காட்டன் என்பார், பல்லினடியில் தங்கிய கிருமிகளின் நஞ்சே மூளையைக் கெடுத்துப் பித்துண்டாக்குகின்றது என்று துணிந்தார். துணிந்தவர் நோயாளரின் பற்களைப் பறிப்பித்தார். பற்பறிப்பால் குணமாகாதாரின் உள்நாக்குச் சதையையும், பின்னர்ப் பெருங்குடலையும் அறுப்பித்தார். அறுவையால் மாண்டோர் பலர். தம் பற்களையும் தம் மக்களின் பற்களையுமே பறிப்பித்துக்கொண்டார் எனின், அவர் வஞ்சகர் அல்லர். தம் கொள்கையை மெய்யாகவே நம்பியவர். கற்றோரின் நம்பிக்கை கல்லாதாரின் நம்பிக்கையினும் கொடிதாதல் உண்டு! அன்று பல்லே பித்தின் காரணம் எனப்பட்டது. இன்றோ பித்து என்னும் பெயர் பல்லின் நோயைக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கின்றது.

மறைக்கும் வகையைச் சிறிது விளக்குவோம். மணமேல்குடிக் கடற்கரையூர் ஒன்றில் மனநோயுற்ற மகனோடு வாழும் தாய் ஒருத்தியைக் கருத்தில் கொள்க. மகன் இரண்டு நாளாய்ச் சோறு உண்ணவில்லை. கன்னத்தில் அறைந்துகொள்கின்றான்; இரவில் கூவுகின்றான்; வாய்க்குள் யாரோ இருந்து பேசுவதாகச் சொல்கின்றான். நோய் திரும்பிற்று என்றே தாய் அஞ்சுவாள். மருத்துவரும் அவ்வாறே கருதி மாத்திரையைக் கூட்டுதல் கூடும். கூட்டிய மாத்திரையால் வாய் மேலும் வறளும். சொத்தை மேலும் ஆழும். கடைவாயில் சீழ் கட்டிய பல் ஒன்று அவன் பிதற்றலுக்கெல்லாம் வேராயிருந்ததை ஒருவரும் நோக்கார்.

நோக்கினர் என்றே வைத்துக்கொள்வோம். அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை செல்லவேண்டும். நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்டிர்க்குக் கட்டணம் இல்லை. நெடுவழிப் பேருந்திலோ உண்டு. ஒரு நாட் கூலி போகும். பேருந்தில் அவன் உரக்கப் பேசினால் பிறர் முகஞ்சுளிப்பர். மருத்துவமனையில் நெடுநேரம் வரிசையில் நிற்க அவனுக்குப் பொறுமை இராது. நாற்காலியிற் சாய்த்து, முகத்திற்கு நேரே விளக்கை ஏற்றி, வாய்க்குள் சுழலும் கருவியை நீட்டினால், மனந்தெளிந்த யாமே நடுங்குகின்றோம். பிறர் தன்னைக் கொல்லச் சூழ்கின்றனர் என்று முன்னரே அஞ்சுபவன் எழுந்தோடாமல் என் செய்வான்? 'ஒத்துழைக்கவில்லை' என்று சீட்டில் எழுதுவது எளிது. இறுதியில் தாய் கடையில் வலிமாத்திரை வாங்குவாள். அதிலும் ஓர் இடர் உண்டு. மகன் லித்தியம் உண்பவனாயின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் குருதியில் லித்தியத்தின் அளவை உயர்த்தி, அதனை நஞ்சாக்கவல்லன. இதனை அத்தாய்க்கு யாரேனும் முன்னரே சொல்லியிருத்தல் வேண்டும்.

சட்டம் இவன் பக்கமே நிற்கின்றது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, எல்லா மருத்துவ உதவியிலும் மனநோயாளரை உடல்நோயாளர்க்கு நிகராக நடத்துக என விதிக்கின்றது. 'எல்லா' என்னும் சொல்லுள் பல்லும் அடங்கும் என்பதற்கு உரையாசிரியர் வேண்டுவதில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியிற் கட்டுண்ட மனநோயாளர் 28 பேர் தீக்கிரையானதன் பின்னரே நாட்டின் கண் இவர்பால் திரும்பிற்று. சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தது, சொத்தை தெரிவதில்லை.

செய்யத்தக்கவை அரியன அல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு வந்து மாத்திரை தரும் நாளிலேயே, அவ்விடத்துப் பல் மருத்துவரும் அந்நோயாளரின் வாயைப் பார்க்குமாறு நாளை இணைத்து வைத்தால், தாய்க்கு ஒரு பயணம் மிஞ்சும். மீட்பு மையத்திற்குப் புதிதாய் வருவோர்க்கு முடி திருத்தி நீராட்டி உடை தருவதோடு, வாயையும் பார்த்தல் அன்றைய கடனாகட்டும். மாத்திரையோடு ஃபுளூரைடு கலந்த பற்பசையும் தூரிகையும் தருக. அடிக்கடி வெறுநீர் பருகப் பழக்குக. ஆலும் வேலும் நன்றே. ஆயினும் உமிழ்நீர் வற்றிய வாய்க்கு அவை மட்டும் போதா.

பல் மருத்துவம் பயிலப் புகும் எம் தோழர்க்கும், அத்தொழிலில் அமர்ந்துள்ள பழைய மாணவர்க்கும் சில சொல்ல விரும்புகின்றோம். இத்தகையோர்க்குக் கூட்டமில்லாத காலைப் பொழுதை ஒதுக்குக. முதல் நாள் பல்லைத் தொடவே வேண்டா. நாற்காலியில் அமர்ந்து எழுந்தாலே அன்றைக்குப் போதும். துணைவந்தவரோடு மட்டும் பேசாது, அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவனிடமே இசைவு கேட்க. சிறு கண்ணாடியை அவன் கையிற் கொடுத்து, தன் பல்லைத் தானே பார்க்கச் செய்க. நோகின்ற பல்லை அவன் விரலால் காட்டுவானாயின், அரைப் பணி முடிந்தது.